பம்பு வீட்டு வளைவு

“எந்த எடத்துல இடிச்ச? என்னைய அங்க கூட்டிட்டுப் போ.”

அதை மட்டும் கேட்காதே என்று அம்மா போனிலேயே சொல்லியிருந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த சதாசிவம் மாமாவும் வழி நெடுக அதையேதான் சொன்னார். தோட்டத்து ரோட்டில் எதையாவது இடித்துவிட்டால் அமாவாசை கழிகிறவரை அந்த இடத்தின் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் இடிபட்டது அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடும். லோஷினி பையை இறக்கி வைத்தாள், செருப்பை உதறினாள், அண்ணனைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

ரூபேந்திரன் அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முகம் முழுக்கத் தாடி. அவள் கேட்டது காதில் விழுந்ததற்கு அடையாளமாக வலது கால் மட்டும் ஒருமுறை தரையை அழுத்தியது, பிரேக்கை மிதிக்கிறவன் மாதிரி.

வெள்ளையம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து மகளின் வாயைப் பொத்தினாள். எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் தோட்டத்தில் முள் ஏறி ஏறிக் காய்த்த கை. வேலையை விட்டுப் பல வருஷமாகியும் மரப்பட்டை மாதிரித்தான் இருந்தது.

“வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதடி. சாமி கட்டி வச்சிருக்கு. நீ அவுத்து விட்றாத.”

“யூனிவர்சிட்டிக்கு அனுப்புனா இப்படித்தான்,” என்றார் மாமா, வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டே. “பேய்க்குக்கூட அட்ரஸ் கேக்கும்.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, யாரும் சேர்ந்துகொள்ளாததால் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

பண்டார் தெங்காராவில் அவர்களுடையது வரிசை வீடு. பின்பக்கக் கம்பி வேலியைத் தாண்டினால் செம்பனைதான், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. முன்பக்கம் கேட்டுக்குள் நீலக் கென்வாஸ் போர்த்தியபடி அண்ணனின் காடி நின்றது. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். டயரில் சேவல் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. எறும்பு வரிசை கட்டிப் போய் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் காடியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

நடந்ததை அம்மா துண்டு துண்டாகச் சொன்னாள். ரூபேந்திரனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரம் முழுக்க எல்லைக்கு இந்தப் பக்கம் கெலாங் பாத்தாவில் கூட்டாளிகளோடு அறையெடுத்துத் தங்கிப் போய் வருவான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் காடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். பெரிய ரோட்டில் லோரிக்குப் பின்னால் ஊர்ந்து வரப் பொறுமையில்லாமல் தோட்டத்துச் சிவப்பு மண் ரோட்டில் குறுக்கே புகுந்து வருவான். போன வெள்ளி பொழுது சாயும் நேரம், நல்ல மழை. ரோட்டோரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்திருக்கிறது. தலை கூம்பாக, முகமே இல்லாமல். டமார் என்று ஒரு சத்தம். நிற்காமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டு வாசலில் காடியை நிறுத்தினவனுக்குக் கதவைத் திறந்து இறங்கத் தெரியவில்லை. அம்மாதான் இறக்கினாள். மாமா வந்து எலுமிச்சம்பழம் சுற்றி, விடிந்ததும் தான் பூசை வைக்கும் தோட்டத்து முனியாண்டி கோயிலில் சேவல் அறுத்து, மஞ்சள் தண்ணீரால் காடியை முழுக்காட்டினார். எல்லையில் நிற்கிற துஷ்டசக்தி, வந்த கேடு நல்ல வேளை வண்டியோடு போயிற்று என்று அருள் வந்தபோது அவர் வாயிலிருந்தே வந்தது.

அதன்பிறகு ரூபேந்திரன் வேலைக்குப் போகவில்லை. சிங்கப்பூரிலிருந்து சூப்பர்வைசர் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டார்.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வாகனக் காப்புறுதி நிறுவனத்தில் லோஷினிக்கு வேலை. காடியை இடித்துக்கொண்டவர்கள் போன் பண்ணும்போது எடுத்துப் பேச வேண்டும், அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்க்க வேண்டும். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், பெண் குரல் என்றதும் ஆம்பளையிடம் கொடு என்கிறவர்கள். எல்லாருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தருவாள். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லித் தருகிறவளின் வீட்டில் சேவலை அறுத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்தப் படிப்பே அண்ணன் போட்ட பிச்சை. அப்பா தோட்டத்துக்கு மருந்தடித்து மருந்தடித்து நுரையீரல் போய்ச் செத்த வருஷம் அவன் பள்ளியின் கடைசி வருஷமான ஐந்தாம் படிவத்தில் இருந்தான். அவளைவிட நன்றாகப் படிப்பான். புத்தகப் பையை அவள் தோளில் மாட்டிவிட்டு அவன் பேக்டரிக்குப் போனான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அம்மா சொல்லிக் காட்டாத நாளில்லை.

மழை விட்டதும் மாமா கோயிலுக்குப் போனார். அம்மா குளிக்கப் போனாள். லோஷினி கென்வாஸைத் தூக்கினாள்.

இடது முன்மூலை உள்ளே போயிருந்தது. விளக்கு உடைந்து தொங்கியது. பானட்டின் மேல் தலையணை அளவுக்கு ஒரு பள்ளம். நாளெல்லாம் இந்த மாதிரிப் படங்களையே பார்க்கிறவள் அவள். மாடு இடித்தால் எப்படியிருக்கும், மோட்டார் சைக்கிள் இடித்தால் எப்படியிருக்கும் என்று பார்த்ததும் சொல்கிற பழக்கம் வந்திருந்தது. பேய் இடித்த படம் இதுவரை யாரும் அனுப்பியதில்லை.

மஞ்சள் தண்ணீர் மேலாகத்தான் கழுவியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே வைப்பர் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் விரலை விட்டாள். பிசுபிசுவென்று வந்தது. நசுங்கிய செம்பனைப் பழம். ஒன்றல்ல, ஒரு கை நிறைய. ஆரஞ்சு எண்ணெய் கசிந்து தூசியோடு இறுகியிருந்தது. மரத்திலிருந்து விழுந்ததாக இருக்க முடியாது. குலையிலிருந்து உதிர்ந்து தரையில் கிடப்பதை யாரோ பொறுக்கிச் சேர்த்தால்தான் இத்தனை பழம் ஒன்றாக வந்து விழும். பம்பரின் விரிசலில் வெள்ளை பிளாஸ்டிக் இழைகள் சிக்கியிருந்தன. சாக்கு இழை.

அவள் அப்படியே அந்தக் கையோடு அண்ணனின் அறைக்குப் போய் அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டான்.

“உன் ஆபீசுக்குப் போன் பண்றாங்கல்ல. அவங்ககிட்ட மொதல்ல என்னா சொல்லுவ?”

“காடிய நிறுத்துங்கன்னு சொல்லுவேன்.”

“நான் நிறுத்தினேன் லோஷி.”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மாகிட்டயும் மாமாகிட்டயும் நிறுத்தலன்னுதான் சொன்னேன். நிறுத்தினேன். கொஞ்சம் தள்ளிப் போயி நிறுத்திக் கண்ணாடிய எறக்கினேன். எஞ்சினகூட அணைச்சேன். அப்பத்தான் கூப்புட்டுச்சு.”

“என்னான்னு?”

“தொலோங்னு.”

காப்பாற்றுங்கள் என்பதற்கான மலாய்ச் சொல்லை அவன் மிக மெல்லச் சொன்னான், பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல.

“ரெண்டு தடவ. மூணாவது தடவ கூப்புட்டா எறங்கணும்னு கதவுல கைய வச்சுக்கிட்டு இருந்தேன். பேயின்னா மூணாவது தடவ கூப்புடாது, மனுசந்தான் கூப்புடும்னு சின்னதுல இருந்து சொல்லியிருக்காங்கல்ல. வாசல்ல யாராச்சும் கூப்புட்டா அம்மா ரெண்டு தடவைக்கு வாயே தொறக்காது, ஞாபகம் இருக்கா? நானும் காத்திருந்தேன். மூணாவது கூப்புடல. அதுக்கப்புறம்தான் கெளம்பினேன்.” அவன் அவள் கையிலிருந்த பழத்தைத் தொடாமல் பார்த்தான். “இப்பவும் காதுல ரெண்டு தடவ கேக்குது. அப்புறம் நிக்குது. ஒவ்வொரு தடவையும் மூணாவதுக்காக நான் ஒக்காந்திருக்கேன்.”

அவளுக்கு அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

“எந்த எடம்ண்ணே?”

“பம்பு வீட்டு வளைவு,” என்றான்.

மறுநாள் காலை அம்மாவின் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காய்கறிக்குப் பாசாருக்கா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றாள். அண்ணனை வரச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பான் என்று தோன்றியது, அதுவே பயமாக இருந்தது.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் வெயில் நின்றுவிட்டது. செம்பனை ஓலை இரண்டு பக்கமும் கவிந்து பகலையே பச்சையாக்கி வைத்திருந்தது. ஈரமண்ணும் அழுகிய குலையும் சேர்ந்த வாடை. இந்த வாடையை அம்மாவின் சேலையில் முகர்ந்துதான் அவள் வளர்ந்தாள். பம்பு வீடு கூரையில்லாமல் பாசி பிடித்து நின்றது. அதைச் சுற்றி ரோடு முழங்கை மாதிரி மடங்கியது. வளைவுக்கு அப்பால் ஆளுயர ஆழத்துக்கு வடிகால்.

உடைந்த விளக்குக் கண்ணாடி மண்ணில் மினுங்கியது. அங்கிருந்து வடிகால்வரை பழங்கள் சிதறிக் கிடந்து அழுகிக்கொண்டிருந்தன. அவள் விளிம்பில் குந்திப் பார்த்தாள். வடிகாலின் சரிவில் பெரணிச் செடி ஓரிடத்தில் கொத்துக் கொத்தாக வேரோடு பிடுங்கப்பட்டிருந்தது. கீழே ஒரு கைப்பிடி. அதற்கு மேலே ஒன்று. இன்னும் கொஞ்சம் மேலே ஒன்று. அதற்குமேல் செடிகள் அப்படியே இருந்தன.

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் பிடரி சிலிர்த்தது. திரும்பியபோது உண்மையாகவே ஓர் ஆள் நின்றான். இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த வேலையாள். பழம் வெட்டுகிற கம்பு தோளில். இவள் தோட்டத்து ஆபீஸ் ஆளோ என்று பயந்து ஓடத் தயாராக நின்றான். இல்லை என்று மலாயில் சொல்லி, இங்கே என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் பேர் ரஹ்மாட். வடிகாலில் கிடந்தது அவன் மனைவி.

சுமியாத்தி. உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. மழையில் பொறுக்கிய சாக்கு நனைந்து கனத்துப்போக, அதை லோரி எடுக்கிற ரோட்டோரத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவன் வேறு பக்கம் பழம் வெட்டிக்கொண்டிருந்தான். வேலையாட்கள் தங்கும் கொங்சிக்குத் திரும்பியவன் அவளைக் காணாமல் தேடினான், பெயர் சொல்லிக் கத்தினான். மழையிரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம் கண்டுபிடித்தார்கள். வடிகாலில் இடுப்பளவு தண்ணீரில் சரிவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டாள். அவன் கையால் குடித்தாள். வண்டி டவுனுக்குப் போய்ச் சேருமுன் செத்துவிட்டாள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் வேலை பெர்மிட் இல்லை. அதனால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, ரோட்டோரம் கிடந்தாள், யாரென்று தெரியாது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்துவிட்டான். ரஹ்மாட் போகக் கூடாது, போனால் பிடித்துக்கொள்வார்கள் என்றும் மிரட்டியிருக்கிறான். பிணவறையில் அவள் பேரில்லாமல் கிடக்கிறாள். அவன் லோஷினியிடம் யார் இடித்தது என்று கேட்கவேயில்லை. லோரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். படித்த பெண் மாதிரி இருக்கிறீர்களே, ஆஸ்பத்திரியில் அவள் பேரை மட்டும் யாரிடமாவது சொல்ல முடியுமா என்று கேட்டான். குளிப்பாட்டித் தொழுகை நடத்தாமல் கிடக்கிறாள் என்றான். சொல்லும்போது கம்பை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். அழவில்லை.

இடித்தது எங்கள் காடிதான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். பேரைச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டாரை உதைத்தாள்.

வீட்டில் மாமா சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அம்மா சார்டின் குழம்பு வைத்திருந்தாள். மிளகாயும் புளியும் வாசல்வரை மணத்தன. லோஷினி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், மேலதிகாரிக்குச் சொல்வது மாதிரி, ஒரு சொல் கூடுதலாக இல்லாமல். அண்ணன் அறை வாசலில் வந்து நின்று கேட்டான்.

“அலமாக்,” என்றார் மாமா. அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. அந்த இந்தோன்காரன் சொல்வதை எப்படி நம்புவது என்றார். வேறு லோரி இடித்திருக்கலாம் என்றார். அவனே போலீசைக் கண்டு ஒளிகிறவன், யார் இடித்தது என்று அவனே கேட்காதபோது நமக்கென்ன என்றார். முனியாண்டி பொய் சொல்லாது என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டார்.

லோஷினி அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அதிர்ச்சியடையவில்லை. கரண்டியைக் குழம்புச் சட்டியின் விளிம்பில் தட்டி மெதுவாக வைத்தாள்.

“உனக்குத் தெரியும்,” என்றாள் லோஷினி.

அம்மா சட்டியை மூடி வைத்தாள்.

“தலை கூம்பா இருந்துச்சுன்னு சொன்னான். வெள்ளையா, மூஞ்சி இல்லாம. அது என்னான்னு உனக்குத் தெரியாதா? ஒரம் வர்ற பாஜா சாக்குல ஒரு மூலைய இன்னொரு மூலைக்குள்ள சொருகித் தலைல மாட்டிக்கிட்டு, மழைல நீ வீட்டுக்கு வருவியே. உன்னப் பாத்து நானே பயந்து அழுதிருக்கேன்.”

“கொங்காணி,” என்றாள் அம்மா. “தெரியாம என்னா. என் ஆயுசுல பாதி அதுக்குள்ளதான போச்சு. அவன் வாயத் தொறந்து சொன்ன ஒடனே தெரிஞ்சிருச்சு.”

“அப்புறம் ஏம்மா?”

“பேயின்னா தூங்குவான்னு நெனச்சேன்.” அம்மா மகனைப் பார்க்காமல் சொன்னாள். “ஆளுன்னா செத்துருவான். அவன எனக்குத் தெரியும். இவன் ஒருத்தன்தான்டி இந்தக் குடும்பத்துக்கு. பேய் ஒரு மாசத்துல போயிரும். ஜெயிலு போவுமா? அவங்க அப்பன் மாதிரி தோட்டத்துலயே சாவக் கூடாதுன்னுதான அக்கரைக்கு அனுப்புனேன்.”

“அவ ராத்திரி முழுக்க உசுரோட இருந்தாம்மா. நீங்க எலுமிச்சம்பழம் சுத்திக்கிட்டு இருந்தப்ப இருந்தா.”

“காலைல பெரட்டுக்கு ஆள் வரும், பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன்.”

அதைச் சொன்ன பிறகுதான் அவள் தான் சொன்னதைக் கேட்டாள். கை தானாக முந்தானையைத் தேடி வாயில் வைத்துக்கொண்டது. மாமா எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார். தனக்கு அருள் வந்ததாகச் சொன்னது பொய்யா மெய்யா என்று அவருக்கே அந்த நேரம் தெரியவில்லை போலிருந்தது.

“நான் ஒன்னும் கேக்கல லோஷி,” என்றாள் அம்மா, முந்தானையை வாயிலிருந்து எடுத்து. “நீ போயிச் சொல்லுவ. தெரியும். சின்னதுல இருந்தே நீ அப்படித்தான். உன்னைப் படிக்க வச்சவன நீயே புடிச்சுக் குடுக்கப்போற. சரி. சாப்டுட்டுப் போ.”

அடிக்கிற கையை விட மோசமானது அது. தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, பெரிய துண்டமாகப் பார்த்து மீனை எடுத்து வைத்தாள். மகள் உட்காரமாட்டாள், சண்டை போட்டுக் கத்துவாள், கத்தினால் அழுவாள், அழுதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆகும். அம்மாவுக்கு மகளைத் தெரியும்.

லோஷினி கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். பிசைந்து சாப்பிட்டாள். குழம்பு நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. தொண்டையில் இறங்கிய ஒவ்வொரு கவளத்தையும், இதற்குப் பிறகு இந்த வீட்டில் அம்மா கையால் சாப்பாடு இல்லை என்று தெரிந்தே விழுங்கினாள். ஆபீசில் ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடத்தில், இடித்தது உன் அண்ணனாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்ததில்லை. எழுதியிருந்தால் அவள் அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்திருப்பாள். படிப்பு என்பது அவ்வளவுதான் என்று ஆத்திரமாக வந்தது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எழுந்து போய்க் கழுவித் துடைத்து அடுக்கில் கவிழ்த்தாள்.

ரூபேந்திரன் அறை வாசலிலேயே நின்றான்.

“என்ன சொல்லுவ?” என்றான்.

“அவ பேரு சுமியாத்தின்னு சொல்லுவேன். அதுதான் மொதல்ல.”

“அப்புறம்?”

“நீ நிறுத்தினன்னு சொல்லுவேன். எறங்கலன்னும் சொல்லுவேன். கிராணி என்னா பண்ணான்னும் சொல்லுவேன். அவ புருசன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லமாட்டேன்.”

அவன் தலையாட்டினான். அந்த ஒரு வாரத்தில் முதன்முறையாக நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

“நான் வந்தா?”

“வந்தா உனக்கு நல்லது. உன் வாயால சொல்லு. வராட்டியும் நான் சொல்லத்தான் போறேன்ண்ணே. உனக்காக நின்னு கெஞ்ச எனக்குத் தெம்பு இல்ல.”

“சட்டைய மாத்தணும்,” என்றான் அவன். ஆனால் நகரவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து அவன் கணுக்காலைப் பிடித்திருந்தாள், இறுக்கமாகக்கூட அல்ல, குழந்தை நடக்கப் பழகும்போது விழாமல் பிடிப்பதுபோல. அவன் அந்தக் கையைத் தள்ளிவிடவும் இல்லை, குனிந்து எடுத்துவிடவும் இல்லை.

மாமா தன் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். என்ன நினைத்து நீட்டினாரோ தெரியாது. லோஷினி வாங்கவில்லை. கடைத்தெருவைத் தாண்டி நடக்கிற தூரத்தில்தான் புகார் கொடுக்கிற போலீஸ் பாலாய்.

வெளியே மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டில் யாரோ கொடியிலிருந்து துணிகளை அவசரமாக உருவிக்கொண்டிருந்தார்கள். லோஷினி செருப்பை மாட்டினாள், காடியைச் சுற்றிக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்தாள். வருகிறவன் வரட்டும் என்று அதைச் சாத்தாமல் விட்டுவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தாள்.